பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீட்டில் உருவ கேக்: ஐந்து முறைகள், ஓர் ஒப்பீடு

அண்ணன் மகளுக்கோ பேரனுக்கோ பிறந்தநாள் வருகிறது. இந்த முறை கேக்கை வீட்டிலேயே செய்து தருவதாக ஒப்புக்கொண்டும் ஆயிற்று. பிள்ளை கேட்பதோ டைனோசர், ரயில், யூனிகார்ன், விண்கலம் என்று ஏதோ ஓர் உருவம். கேக் சுடத் தெரிந்த அத்தையும் சித்தப்பாவும் தாத்தாவும் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான், ஏனெனில் ஒரே டைனோசரைச் செய்யக் குறைந்தது ஐந்து வழிகள் இருக்கின்றன. தட்டையான கேக்கைத் துண்டுகளாக வெட்டி உருவமாக இணைக்கலாம். டைனோசர் வடிவ டின்னிலேயே சுடலாம். கேக்கைச் செதுக்கி, சர்க்கரையைப் பிசைந்து தேய்த்த ஃபாண்டன்ட் என்னும் போர்வையைப் போர்த்தலாம். சாதாரண வட்ட கேக்கின் மேல் ஒரு பொம்மையை நிறுத்தலாம். கப்கேக்குகளை நெருக்கி அடுக்கி அவற்றின் மேல் டைனோசரை வரையலாம்.

எது அழகு என்று மட்டும் கேட்டால் ஃபாண்டன்ட் கேக்தான் வெல்லும். இணையத்தில் சுற்றும் படங்களும் பெரும்பாலும் அதையே காட்டுகின்றன. ஆனால் உறவுக்காரப் பிள்ளைக்காக வீட்டில் கேக் செய்பவரின் நிலைமை கடைக்காரருடையதிலிருந்து வேறுபட்டது. அவருடைய கேக் பெரும்பாலும் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அங்கே குளிர்பதனப் பெட்டியில் இடம் இருக்குமா என்பது அவர் கையில் இல்லை. வேலைக்கு நடுவே அவருக்குக் கிடைப்பது ஓரிரு மாலைப்பொழுதுகள்தான். எல்லாவற்றையும் விட முக்கியமாக, இந்தப் பிள்ளைக்குச் செய்ததைப் பார்த்து இதன் தம்பியும் அத்தை பிள்ளைகளும் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். ஆகவே, ஒரு முறை மட்டும் சாதிக்கக்கூடிய கேக்கைவிட, குடும்பத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சலிக்காமல் திரும்பச் செய்யக்கூடிய முறையைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. கீழே வரும் ஒப்பீட்டை அந்தச் சாய்வோடுதான் வாசிக்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல், பிள்ளை பார்த்தவுடன் அந்த உருவத்தை அடையாளம் காண வேண்டும் என்பது. இது செய்பவரின் கைத்திறனைவிடப் பிள்ளையின் வயதைப் பொறுத்தது. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு கண்களும் சரியான நிறமும் இருந்தால் போதும். மஞ்சள் வட்டத்தில் அலகு வைத்தால் அது வாத்துதான். நான்கிலிருந்து ஏழு வயது வரை உள்ளவர்கள் குறிப்பான உருவத்தைக் கேட்பார்கள். முதுகில் தகடுகள் உள்ள டைனோசருக்கும் மூக்கில் கொம்பு உள்ள டைனோசருக்கும் உள்ள வேறுபாட்டை நமக்கே பாடமாக நடத்துவார்கள். எட்டு வயதைக் கடந்தவர்களிடம் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது: நண்பர்கள் முன்னிலையில் கேக் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்துவிடக் கூடாது.

இரண்டாவது, வேலை எந்த நாளில் விழுகிறது என்பது. மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வெண்ணெய் சேர்த்த கேக்கைச் சுட்டு, ஆறவைத்து, காற்றுப் புகாமல் இறுகச் சுற்றி உறைநிலையில் வைத்தால் ஒரு மாதம் கூடத் தாங்கும்; பட்டர்கிரீமைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம்; ஃபாண்டன்ட் பொம்மைகளைப் பல நாள் முன்பே செய்து உலர்த்தலாம். அடித்த கிரீமோ அன்றைக்கே பூசப்பட வேண்டும். பத்து மணி நேர வேலை நான்கு நாளில் பிரிந்தால் அது பொழுதுபோக்கு; மூன்று மணி நேர வேலை விழா நாள் காலையில் மொத்தமாகக் குவிந்தால் அது தண்டனை.

மூன்றாவது பயணம், நான்காவது சுவை. உருவத்துக்காக ஐசிங்கை ஏற்ற ஏற்ற கேக்கின் பங்கு குறைந்து இனிப்பின் பங்கு கூடுகிறது. ஐந்தாவது, விழா முடிந்த பிறகு அலமாரியில் மிஞ்சும் பொருள்கள்: ஒரே ஒரு முறை பயன்பட்ட டின், கால் பங்கு மட்டும் செலவான நிறக்குப்பிகள், உலர்ந்து இறுகிப்போன ஃபாண்டன்ட் பொட்டலம். ஆறாவதாக, மேலே சொன்ன திரும்பச் செய்யும் வசதி. பாதுகாப்பை இந்த வரிசையில் சேர்க்கவில்லை, ஏனெனில் அதை வேறொன்றுக்காக விட்டுக்கொடுக்க முடியாது. அதற்குத் தனிப் பகுதி பின்னால் வருகிறது.

## வெட்டி இணைக்கும் கேக்

ஐந்து முறைகளில் இன்றைக்குச் சற்று ஏளனமாகப் பார்க்கப்படுவது இதுதான். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வட்ட, சதுர, செவ்வக டின்களில் கேக்கைச் சுட்டு, சில நேரான வெட்டுகளால் துண்டுகளாக்கி, பலகையின் மேல் உருவமாக அடுக்கி, பட்டர்கிரீம் பூசுவது இதன் வழி.

இதன் அழகு வெட்டும் சிக்கனத்தில் இருக்கிறது. வட்ட கேக்கின் ஒரு பக்கத்தில் முக்கோணத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்தால் மீனின் திறந்த வாய் கிடைக்கிறது. எடுத்த முக்கோணத்தை எதிர்ப்பக்கத்தில் கூர்முனை உடலைத் தொடும்படி ஒட்டினால் அதுவே வாலாகிறது. வட்டத்தை இரண்டாக வெட்டி, வளைந்த பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி திருப்பி வைத்தால் பட்டாம்பூச்சியின் சிறகுகள். இரண்டு வட்ட கேக்குகளில் ஒன்று முயலின் முகம். மற்றொன்றின் இரு ஓரங்களையும் வளைவாக வெட்டினால் இரண்டு காதுகள், நடுவில் மிஞ்சுவது கழுத்துப்பட்டை. எண் வடிவங்களில் 1, 4, 7 ஆகியவற்றை வெறும் நீளத் துண்டுகளால் அமைத்துவிடலாம். 8 கேட்டால் இரண்டு வளையங்கள் போதும். 6, 9 ஆகியவற்றுக்கு ஒரு வளையமும் ஒரு துண்டும் வேண்டும். எதை வெட்டினாலும் முதலில் காகிதத்தில் முழு அளவில் வரைந்து, அந்தக் காகிதத்தை கேக்கின் மேல் வைத்து வெட்டுவது நல்லது. அந்தக் காகிதம் அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

டின் அளவை மாற்றும்போது பரப்பளவைப் பார்க்க வேண்டும். 20 செ.மீ. சதுர டின்னின் பரப்பு 400 சதுர செ.மீ.; அதே அளவு வட்ட டின்னுக்கு 314 மட்டுமே. 23 செ.மீ. வட்ட டின்தான் ஏறக்குறைய 20 செ.மீ. சதுரத்துக்கு ஈடாகும். 23-க்கு 33 செ.மீ. செவ்வக டின், 22 செ.மீ. வட்ட டின்கள் இரண்டின் மாவைக் கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு ஐசிங்கில் இருக்கிறது. 5 செ.மீ. உயரமுள்ள 20 செ.மீ. சதுர கேக்குக்கு மேற்பரப்பு 400 சதுர செ.மீ., நான்கு பக்கங்களும் சேர்ந்து இன்னொரு 400. அதையே நான்கு நீளத் துண்டுகளாக்கி ரயில் பெட்டிகளாகத் தனித்தனியே நிறுத்தினால் பக்கங்களின் பரப்பு மட்டும் 1,000 சதுர செ.மீ. ஆகிவிடுகிறது. அதாவது 800-க்குத் தேவையான ஐசிங்கை வைத்துக்கொண்டு 1,400-ஐப் பூச முயல்கிறோம். ரயில் கேக் செய்பவர்களுக்குக் கடைசிப் பெட்டியில் பட்டர்கிரீம் தீர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். மேலும் வெட்டிய பக்கம் உதிரும். துண்டுகளை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை உறைநிலையில் வைத்து, மெல்லிய முதல் பூச்சைப் பூசி உதிர்களை அதில் அடக்கி, மீண்டும் 20 அல்லது 30 நிமிடம் குளிரவைத்த பிறகே இறுதிப் பூச்சுக்குப் போக வேண்டும். இந்த இடைப்பூச்சைத் தவிர்ப்பவர்கள் வெள்ளை முயல் கேட்ட பிள்ளைக்குப் புள்ளி முயலைத்தான் கொடுப்பார்கள்.

கேக்கின் வகையும் முக்கியம். முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் மென்மையான ஸ்பாஞ்ச் கத்திக்கு ஈடுகொடுக்காது. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு ஆகிய நான்கும் சம எடையில் சேரும் கெட்டியான கேக் சுத்தமாக வெட்டுப்படும். முட்டை சேர்க்காத கேக்குகள் பொதுவாகக் கூடுதலாக உதிரும் என்பதால் அவற்றுக்கு வெட்டு குறைவான உருவமே பொருந்தும்.

பயணத்தில் இந்த கேக் நன்றாகவே தாங்கும், ஏனெனில் அது உயராமல் படுத்திருக்கிறது. ஆனால் பலகை பெரியதாக இருக்கும், 45 செ.மீ. நீள முயலை வைக்க வண்டியில் சமதளம் இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே அளந்துகொள்ள வேண்டும். வண்டியின் இருக்கை சாய்வானது. கால் வைக்கும் இடம்தான் பெரும்பாலும் சமமானது.

## உருவ டின்னில் சுடும் கேக்

கார், கரடி, கோட்டை போன்ற வடிவங்களில் டின்கள் கிடைக்கின்றன. வெட்ட வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு இது எளிதாகத் தோன்றுகிறது. உண்மையில் கடினமான வேலை வேறிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. காது, கை போன்ற மெல்லிய பகுதிகள் முதலில் வெந்து காய்ந்துவிடும். வயிற்றுப் பகுதி நடுவில் மாவாகவே இருக்கும். வெப்பத்தை 180 டிகிரி செல்சியசிலிருந்து 160-க்குக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது ஓரளவு உதவும். பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் வெண்ணெய் தடவி மாவு தூவ வேண்டும். வெந்தபின் ஏறக்குறைய பத்து நிமிடம் ஆறவிட்டே கவிழ்க்க வேண்டும். உடனே கவிழ்த்தால் உடையும், முற்றிலும் ஆறினால் ஒட்டும். டின் எவ்வளவு கொள்ளும் என்பதைத் தண்ணீர் ஊற்றி அளந்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு மாவு மட்டும் ஊற்றுவது பாதுகாப்பானது.

இதன் மறைவான செலவு வெளிப்படை: கரடி டின்னில் கரடி மட்டுமே வரும். அடுத்த பிள்ளை விண்கலம் கேட்டால் டின் அலமாரியில் தூங்கும். உறவினரிடம் இரவல் கிடைத்தாலோ, இரண்டு மூன்று குடும்பங்கள் டின்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலோ மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறேன். ஒரே விதிவிலக்கு, வெப்பம் தாங்கும் அரைக்கோளக் கிண்ணம். கவிழ்த்தால் அது முள்ளம்பன்றி, பொறிவண்டு, ஆமை, பொம்மையின் பாவாடை என்று பலவும் ஆகும். விழா இல்லாத நாளில் சமையலறையிலும் பயன்படும்.

## செதுக்கி ஃபாண்டன்ட் போர்த்திய கேக்

இந்த முறைக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். நிற்கும் டைனோசர், சக்கரங்களோடு கூடிய லாரி போன்ற முழு உருவங்களை வேறெந்த முறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. வழவழப்பான பரப்பு, கூரான விளிம்பு, நுணுக்கமான பொம்மைகள் எல்லாம் ஃபாண்டன்டின் பலம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை தன் கேக் கடையில் வாங்கியதைப் போல இருக்க வேண்டும் என்று மனதார விரும்பினால், அந்த விருப்பத்துக்கு நெருக்கமாக வருவது இதுவே.

ஆனால் இதை ஒரு மாலை வேலையாக நினைப்பவர்கள் அதன் உள்கட்டமைப்பைப் பார்க்காதவர்கள். ஃபாண்டன்ட் தனக்குக் கீழே உள்ள ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், கேக்கின் மேல் முதலில் கெட்டியான கனாஷ் அல்லது பட்டர்கிரீம் பூசி இறுகவிட வேண்டும். கனாஷுக்கு டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம், வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு. ஓர் இரவு இறுகினால்தான் கத்தியால் மட்டப்படுத்த முடியும். அடித்த கிரீமின் மேல் ஃபாண்டன்டைப் போர்த்தினால் ஈரத்தில் கரைந்து வழியும். உயரமான உருவத்துக்குள் தாங்குகுச்சிகளும், அடுக்குகளுக்கு இடையே சிறு பலகைகளும் வேண்டும். தலை, கை போன்று வெளியே நீளும் உறுப்புகளை கேக்கில் செய்யவே கூடாது. உருக்கிய மார்ஷ்மெல்லோவில் அரிசிப் பொரியைக் கிளறி உருட்டினால் எடை குறைந்த, செதுக்கத்தக்க பொருள் கிடைக்கும். இத்தனையும் முடிந்த பிறகே 3 அல்லது 4 மி.மீ. தடிமனில் ஃபாண்டன்டைத் தேய்த்துப் போர்த்தும் கட்டம் வருகிறது. அதில் சுருக்கம் விழாமல் இழுக்கச் சில நிமிடங்கள்தான் அவகாசம், அதற்குள் அது காயத் தொடங்கிவிடும்.

அளவைப் பாருங்கள்: 10 செ.மீ. உயரமுள்ள 20 செ.மீ. வட்ட கேக்கைப் போர்த்த ஏறக்குறைய 700 கிராம் ஃபாண்டன்ட் தேவைப்படுகிறது. அதில் மிகப் பெரும்பகுதி சர்க்கரை. இதில் எவ்வளவு உண்ணப்படுகிறது என்று விழா முடிந்தபின் தட்டுகளைப் பார்த்தால் தெரியும். பிள்ளைகள் பலரும் போர்வையை உரித்து ஓரமாக வைத்துவிட்டு கேக்கை மட்டும் தின்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் ஃபாண்டன்டிலும் மார்ஷ்மெல்லோவிலும் பலவற்றில் விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கிறது என்பதால், சைவ உணவுக் குடும்பங்கள் பொதியின் உட்பொருள் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஃபாண்டன்டின் மேல் வியர்வைபோல நீர் படிந்து நிறம் கசியும். வெளியே வைத்தால் உள்ளே கெட்டுப்போகாத நிரப்பியாக இருக்க வேண்டும். ஆக, வெளிப்பூச்சின் தேவையே உள்ளே என்ன சுவை இருக்கலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

பயணத்தில் இதன் இயல்பு இரண்டுவிதமானது. மேற்பரப்பு தொட்டால் அழியாது, லேசான இடியைத் தாங்கும். ஆனால் உருவம் கனமானது, உயரமானது. திடீரென்று பிரேக் போட்டால் முதலில் சாய்வது இதுதான். அதோடு, இந்த கேக் உறவினர் மத்தியில் ஓர் அளவுகோலை நட்டுவிடுகிறது. மூத்த பிள்ளைக்கு நிற்கும் டைனோசர் கிடைத்தபின் இளையவனுக்கு வட்ட கேக் கொடுப்பது எளிதல்ல. இந்த உழைப்பை வருடாவருடம், பிள்ளைக்குப் பிள்ளை தர முடியுமா என்று கேட்டுக்கொண்ட பிறகே இதில் இறங்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. கேக்கை பட்டர்கிரீமால் பூசிவிட்டு, கண், காது, கொம்பு, சக்கரம் ஆகியவற்றை மட்டும் ஃபாண்டன்டில் செய்யலாம். 100 அல்லது 150 கிராம் போதும். சி.எம்.சி. என்னும் உண்ணத்தக்க கெட்டியாக்கும் தூளைச் சிறிதளவு சேர்த்துப் பிசைந்தால் அவை நன்றாக இறுகும். நாலைந்து நாள் முன்பே செய்து, காற்றாடும் இடத்தில் அட்டைப் பெட்டிக்குள் உலரவைத்துவிட்டால் விழா நாளில் வேலையே இல்லை.

## வட்ட கேக்கும் மேலே ஒரு பொம்மையும்

இதை ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. பச்சை பட்டர்கிரீமைக் கரண்டியின் பின்புறத்தால் புல்போலக் குத்தி எடுத்து, பொடித்த பிஸ்கெட்டை மண்ணாகத் தூவி, நடுவே ஒரு பிளாஸ்டிக் டைனோசரை நிறுத்தினால் அடையாளம் காணும் அளவுகோலில் இது மற்ற எல்லா முறைகளையும் தோற்கடிக்கிறது, ஏனெனில் அங்கே நிற்பது உண்மையான டைனோசர் பொம்மை. கேக் தீர்ந்தபின் பொம்மை பிள்ளையிடமே இருக்கும். பரிசும் அலங்காரமும் ஒன்றாகிவிடுகின்றன.

பொம்மையைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, அதன் காலடியில் பட்டர் பேப்பர் வட்டம் ஒன்றோ சாக்லேட் தகடு ஒன்றோ வைத்தால் நேரடியாக ஐசிங்கில் படாது. பொம்மைக்குப் பதிலாக உண்ணக்கூடிய அச்சுப்படத் தாளும் பயன்படுத்தலாம். அரிசி மாவுத் தாள் ஈரமான பூச்சில் சுருங்கும், ஐசிங் தாள் பட்டர்கிரீமோடு ஒன்றிப்போகும். அடித்த கிரீமின் மேல் வைப்பதானால் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் வைக்க வேண்டும். வீட்டு அச்சுப்பொறியின் மையில் இப்படத்தை எடுக்கக் கூடாது. உண்ணத்தக்க மைக்கென்றே தனி அச்சுப்பொறி வேண்டும் என்பதால் இதைக் கடையில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இதன் குறை, செய்பவரின் மனத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது: தன் கையால் உருவாக்கிய நிறைவு குறைவு. மாறாக, காப்பாற்றப்பட்ட நேரத்தை கேக்கின் சுவையில் செலவிடலாம். பழ நிரப்பி, தயிர் கிரீம், மென்மையான ஸ்பாஞ்ச் என வெட்டும் கேக்கில் முடியாதவை எல்லாம் இங்கே முடியும். அடித்த கிரீமைப் பயன்படுத்தத் தடையே இல்லாத ஒரே உருவ முறையும் இதுதான்.

## கப்கேக்குகளால் அமைக்கும் உருவம்

ஏறக்குறைய 150 கிராம் மாவில் 12 கப்கேக்குகள் வரும். ஓர் உருவம் தெளிவாகத் தெரிய 20 முதல் 24 வரை தேவைப்படுகின்றன. பலகையில் அவற்றை நெருக்கி அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளி ஐசிங் வைத்து நகராமல் ஒட்டி, இடைவெளிகளின் மேலும் சேர்த்து ஒரே பரப்பாகப் பூசினால் ஆமை, கம்பளிப்பூச்சி, பலூன் கொத்து போன்றவை நன்றாக அமையும். கத்தி வேண்டாம், பங்கு பிரிக்கும் சண்டை இல்லை, வகுப்பறைக்குக் கொண்டுபோக இதைவிட வசதியானது வேறில்லை. பெட்டிகளில் தனித்தனியே கொண்டுபோய் அங்கேயே அடுக்கிப் பூசலாம் என்பதால் நெடும் பயணத்துக்கும் இதுவே முதலிடம்.

எதிர்ப்பக்கத்தில், உருவம் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். மேசை உயரத்தில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிவது ஐசிங் பூசிய ஒரு வரிசை மட்டுமே. புகைப்படத்திலும் அப்படித்தான். ஐசிங்கின் பங்கு அதிகம். இடைவெளிகளை நிரப்பியது தனியே மிஞ்சி வீணாகும். கப்கேக் வேகமாக உலரும் என்பதால் முந்தின நாளே சுட்டால் காற்றுப் புகாமல் மூடிவைக்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

நேரம் என்பது வேகும், ஆறும் நேரம் நீங்கலாக, வீட்டில் அவ்வப்போது கேக் செய்பவருக்கான தோராயக் கணக்கு.

| முறை | கை வேலை | விழா நாளுக்கு மிஞ்சுவது | பயணம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| வெட்டி இணைப்பது | 3–4 மணி | கிட்டத்தட்ட இல்லை | நல்லது. பெரிய பலகை வேண்டும் | ஏறக்குறைய இரு மடங்கு ஐசிங் |
| உருவ டின் | 2–3 மணி | இல்லை | நல்லது | மறுபடி பயன்படாத டின் |
| ஃபாண்டன்ட் உருவம் | 8–12 மணி, மூன்று நாளில் | கடைசிச் சரிபார்ப்பு | கனம், உயரம் | தட்டில் மிஞ்சும் சர்க்கரை, அடுத்தவரின் எதிர்பார்ப்பு |
| வட்டமும் பொம்மையும் | 1½–2 மணி | பொம்மை வைப்பது | மிக நல்லது | ஏதுமில்லை என்றே சொல்லலாம் |
| கப்கேக் உருவம் | 3 மணி | அடுக்கிப் பூசுவது, 1 மணி | மிக நல்லது | வீணாகும் ஐசிங் |

## எந்த முறைக்கும் பொதுவான இரண்டு: வெப்பமும் நிறமும்

வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். வெண்ணெய் ஒரு பங்குக்கு ஐசிங் சர்க்கரை இரண்டு பங்கு என்பது வழக்கமான பட்டர்கிரீம். வெயில் காலத்தில், திறந்த வெளியில் விழா என்றால் வெண்ணெயில் கால் பங்கு முதல் பாதி வரை குறைத்து, அதற்குப் பதிலாக ஷார்ட்டனிங் என்னும் கெட்டியான தாவரக் கொழுப்பைச் சேர்க்கலாம். நிலைத்து நிற்கும், ஆனால் வாயில் கொழுப்புப் பிசுக்கு உணரப்படும். கனாஷ் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அடித்த கிரீமை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான்.

நிறத்துக்கு நீர்த்த வண்ணத்தைத் தவிர்த்து ஜெல் வண்ணத்தைப் பயன்படுத்தினால் ஐசிங் இளகாது. சிவப்பும் கறுப்பும் அளவுக்கு மீறி வண்ணம் கேட்கும், கசப்பும் தட்டும். கறுப்பு வேண்டுமானால் கோகோ சேர்த்த பழுப்பு பட்டர்கிரீமிலிருந்து தொடங்குவதும், சிவப்பை முந்தின நாளே கலந்து நிறம் ஆழமாக விடுவதும் செலவைக் குறைக்கும். வெண்ணெயின் மஞ்சளால் நீலம் பச்சையாகத் திரும்பினால், ஊதாவை ஊசிமுனையளவு சேர்க்கலாம். 2007-இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில செயற்கை வண்ணக் கலவைகளுக்கும் பிள்ளைகளின் அதீதத் துறுதுறுப்புக்கும் தொடர்பு காட்டியதைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் டார்ட்ராசின் உள்ளிட்ட ஆறு வண்ணங்கள் சேர்ந்த உணவுகளில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கு ஒரு துண்டு கேக்கை நினைத்து அஞ்ச வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. முழுக்கச் சிவப்பான வண்டியைவிட வெளிர்நிற வண்டியில் சிவப்புக் கோடு போதுமா என்று கேட்டுப் பார்க்க இது ஒரு காரணம், அவ்வளவே.

## பிள்ளையின் வயதும் பாதுகாப்பும்

வேறொருவரின் பிள்ளைக்குச் செய்யும்போது முதல் வேலை, பால், முட்டை, கோதுமை, கொட்டை வகைகளில் எதற்கேனும் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்பது. விழாவுக்கு வரும் மற்றப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது, போட்யூலிசம் என்னும் நச்சு நோய்க்கு அது இடமளிக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கேக்கில் முழுக் கொட்டைகளும், மிகச் சிறியவர்களுக்கானதில் கடினமான சர்க்கரை முத்துகளும் முழு மார்ஷ்மெல்லோவும் தொண்டையில் சிக்கும் அபாயம் உள்ளவை. பல்குத்தும் குச்சிகளை உள்ளே மறைத்துவைக்காமல், உறுப்புகளைப் பொருத்த வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சியைப் பயன்படுத்தலாம். அதையும் பரிமாறும் முன் எடுத்துவிட வேண்டும்.

பளபளக்கும் தூள்கள் குறித்துக் கூடுதல் கவனம் தேவை. பொதியில் ‘நச்சற்றது’ என்று மட்டும் இருந்தால் அது உண்பதற்கானது அல்ல. உட்பொருள் பட்டியலோடு ‘உண்ணத்தக்கது’ என்று தெளிவாக இருக்க வேண்டும். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் கேக்கை உண்ட ஆறு பிள்ளைகள் வாந்தியால் பாதிக்கப்பட்டபோது, காரணமாகக் கண்டறியப்பட்டது அதன் மேல் தடவியிருந்த அலங்காரத் தூளில் இருந்த செம்பு.

## எந்த நிலையில் எது?

முதல் பிறந்தநாள் என்றால் சிறிய வட்ட கேக்கும் மேலே ஒரு முகமுமே போதும். குழந்தைக்கு நினைவிருக்காத ஒன்றுக்கு மூன்று இரவுகளைச் செலவழிப்பது பெரியவர்களுக்கான காட்சி மட்டுமே. மூன்றிலிருந்து ஏழு வயது வரை, கேக்கை அதே ஊருக்குள் கொண்டுபோக முடியுமென்றால், வெட்டி இணைக்கும் கேக்கையே தேர்ந்தெடுப்பேன். பிள்ளைக்கு அது தனக்காகவே செய்யப்பட்டது என்று தெரியும், கோணல் விளிம்பை அந்த வயது பொருட்படுத்துவதில்லை. பல மணி நேரப் பயணமோ பள்ளியில் கொண்டாட்டமோ என்றால் கப்கேக்குகள். இரண்டு நாள் முன்புதான் தகவல் வந்தது, அல்லது முட்டையில்லாத உதிரும் கேக்தான் செய்ய வேண்டும் என்றால், தயங்காமல் வட்டமும் பொம்மையும். எட்டு வயதுக்கு மேல், பிள்ளை ஒரு குறிப்பிட்ட உருவத்தை உறுதியாகக் கேட்கிறது, தொடர்ந்து மூன்று நாள் மாலையும் ஓய்வாக இருக்கிறது, வீட்டில் கை கொடுக்க இன்னொருவரும் உண்டு என்றால் மட்டும் முழு ஃபாண்டன்ட். அந்த வயதில் பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்துச் சிறு உறுப்புகளைச் செய்யச் சொல்லலாம். அப்படிச் செய்த கேக்கின் குறைகளை அது யாரிடமும் புகார் சொல்லாது.

ஒரே வாரத்தில் இரண்டு உறவுப் பிள்ளைகளின் பிறந்தநாள் வந்து, குடும்பம் ஒன்றாகக் கொண்டாடத் தீர்மானித்தால், இருவருக்கும் பொதுவாகப் பெரிய கேக் ஒன்று செய்யும் யோசனையைக் கைவிடுவது நல்லது. மெழுகுவர்த்தியை யார் ஊதுவது என்பதிலேயே அது முடியும். 23-க்கு 33 செ.மீ. டின் அளவுக்கான மாவை இரண்டு 22 செ.மீ. வட்ட டின்களில் பிரித்து ஊற்றினால் ஒரே சூட்டில் இரண்டு கேக்குகள் வந்துவிடும். ஒன்றில் முக்கோணத்தை வெட்டி மீனாக்கலாம், மற்றொன்றை இரண்டாக வெட்டிப் பட்டாம்பூச்சியாக்கலாம். ஐசிங்கையும் ஒரே கிண்ணத்தில் அடித்துவிட்டு நிறம் கலக்கும்போது மட்டும் பிரித்துக்கொள்ளலாம். இருவருக்கும் பிடித்த நிறம் ஒன்றேயானால் அந்த வேலையும் மிச்சம்.